ஒரு ரிமோட்டுக்கு அசையும் இரண்டு பெட்டிகள்

கேள்வி: எங்கள் டீக்கடையில் இரண்டு டிவிகள் உள்ளன. ஒன்றில் தமிழ்ச் செய்தியும் மற்றொன்றில் மலையாளச் செய்தியும் ஓடும். இரண்டுக்கும் ஒரே வகை செட்டாப் பாக்ஸ். ஒன்றில் சேனலை மாற்றினால் மற்றொன்றும் மாறிவிடுகிறது. அதே ரிமோட்டுக்கு டிவிகள் மட்டும் அசைவதில்லையே, ஏன்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: ரிமோட்டின் முனையிலுள்ள சிறு எல்இடி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை சிமிட்டுகிறது. வெயிலிலும் குண்டு பல்பிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. ஆனால் அவை இந்த வேகத்தில் சிமிட்டுவதில்லை என்பதால், பெட்டியிலுள்ள உணரி அவற்றை ஒதுக்கிவிட்டு ரிமோட்டின் ஒளியை மட்டும் பிரித்தறிகிறது.

இந்தச் சிமிட்டலால் ரிமோட் அனுப்பும் செய்தி எழுதப்படும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஜப்பானின் என்ஈசி நிறுவனம் வகுத்த, பரவலாக வழங்கும் என்ஈசி முறையைப் பார்ப்போம். முதலில் 9 மில்லிநொடி ஒளி (அதாவது மேற்சொன்ன சிமிட்டல்), பின் 4.5 மில்லிநொடி இருள். உணரியை விழிப்பூட்டும் முன்னறிவிப்பு இது. அதன்பின் 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்னும் குறிகள், வருகின்றன. ஒவ்வொரு பிட்டும் சுமார் 0.56 மில்லிநொடி ஒளியுடன் தொடங்கும். அதை அடுத்து அதே அளவு இருள் இருந்தால் அது 0, மும்மடங்கு இருள் இருந்தால் 1. ஒளியின் நீளம் எப்போதும் ஒன்றே; செய்தி முழுவதும் இடைவெளியில்தான் இருக்கிறது என்பதே இம்முறையின் அழகு.

அந்த 32 பிட்டுகளில் முதல் 8 முகவரி, அதாவது செய்தி எந்த வகைக் கருவிக்கு என்பது; அடுத்த 8 அம்முகவரியின் தலைகீழ் வடிவம் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0). பிறகு 8 கட்டளை, அதன் தலைகீழ் 8. தலைகீழ் வடிவம் பொருந்தாவிட்டால், இடையில் பழுது நேர்ந்ததெனப் பெட்டி அச்செய்தியைத் தள்ளிவிடும். ஒலியைக் கூட்ட பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும்போது முழுச் செய்தியும் மீண்டும் போவதில்லை. 'முன்னதே தொடர்க' என்னும் குறுங்குறி மட்டும் 108 மில்லிநொடிக்கு ஒருமுறை போகிறது.

உங்கள் டிவிகளின் முகவரியோ, செய்தி எழுதும் முறையோ வேறு. ஆகவே அவை அசைவதில்லை. செட்டாப் பாக்ஸ்களுக்கோ முகவரி ஒன்றே, ஏனெனில் அது வகைக்குத் தரப்படுவதே தவிர ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகத் தரப்படுவதில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியையும் உணரி ஏற்கும் என்பதால் ரிமோட்டைத் திருப்பிப் பிடிப்பதில் பயனில்லை. ஒன்றை மாற்றும்போது மற்றதன் உணரிச் சாளரத்தைத் தடித்த அட்டையால் மூடுங்கள். அது தொல்லையாகப் பட்டால், ஒரு பெட்டியை வேறு வகையாக மாற்றித் தரும்படி உங்கள் கேபிள்காரரிடம் கேளுங்கள்.