பயோடெக் படித்தவர் ஆய்வக ஆட்டோமேஷன் வேலைக்குப் போகலாமா? கோடிங் கட்டாயமா?

தாராளமாகப் போகலாம். கோடிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிப்பெட் (கொஞ்சூண்டு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிக்கப் பழகுங்கள். நான் சென்னையில் பி.டெக் பயோடெக் முடித்தவன். தரமணியில் ஒரு மருந்து ஆராய்ச்சி ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இதே வேலைதான். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ஆட்டோமேஷன் என்றால் இங்கே ரோபோவை வைத்துத் திரவங்களை அளந்து ஊற்றுவது. ரோபோவோடு வேலை என்றால் எங்கள் வீட்டில் இன்னமும் கை கால் முளைத்த எதையோ நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ரோபோ ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே பிப்பெட் தலை ஒன்று முன்னும் பின்னும் ஓடும். கீழே இட்லித் தட்டு மாதிரி, ஆனால் 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, குழிக்குக் குழி 9 மி.மீ. இந்த மாதிரிக் குழித் தட்டை 1951-இல் ஹங்கேரியில் ஜூலா டகாட்சி என்பவர் ஆரம்பித்து வைத்தார். இன்று தட்டின் வெளி அளவுக்கும் தரநிலை உண்டு: 127.76 மி.மீ நீளம், 85.48 மி.மீ அகலம். அதனால்தான் ஒரு கம்பெனி தட்டு இன்னொரு கம்பெனி மெஷினில் உட்காருகிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு டெக்னீஷியன் அக்காவிடம் தினமும் திட்டு வாங்குவேன். கிளிசரால் என்ற பிசுபிசுப்பான திரவம் கலந்த என்சைமை நான் எடுத்தால் அளவு குறையும். "அவசரப்படாத தம்பி. இழுத்துட்டு ஒரு மூச்சு நிறுத்து, அப்புறம் தூக்கு. நுனியை மட்டும் நனை" என்பார். இரண்டு வருடம் கழித்து அதே என்சைமை மெஷினிடம் கொடுத்தபோது அதுவும் என்னைப் போலவே குறைத்து எடுத்தது. அக்கா சொன்ன 'ஒரு மூச்சு' எத்தனை விநாடி? இழுக்கும் வேகம் எவ்வளவு? டிப், அதாவது பிப்பெட்டின் பிளாஸ்டிக் முனை, எத்தனை மில்லிமீட்டர் முங்க வேண்டும்? இந்த எண்களின் தொகுப்புக்குத்தான் லிக்விட் கிளாஸ் என்று பெயர். தண்ணீருக்கு ஒன்று, சீரத்துக்கு ஒன்று, கிளிசராலுக்கு ஒன்று. என் வேலையில் பாதி இதுதான்.

மெஷினுக்குச் சந்தேகமே வராது என்பது இன்னொரு தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை, மெஷின் சூடாகிவிடுமே என்ற நல்ல எண்ணத்தில் யாரோ ஏசியை 17-இல் வைத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் சோதிக்கும் மருந்து மூலக்கூறுகள் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் இருக்கும். அது உறைவது 18.5 டிகிரியில்! மறுநாள் காலையில் பாதித் தட்டு கெட்டியாகிக் கிடந்தது. மெஷின் இரவெல்லாம் காற்றை அளந்து ஊற்றிவிட்டு, லாக் ஃபைலில் எல்லாம் சரி என்று எழுதி வைத்திருந்தது. சரி, உருகட்டும் என்று மூடியைத் திறந்து வெளியே வைக்கலாம் என்றால் டிஎம்எஸ்ஓ காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மருந்தின் செறிவு இறங்கிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கத்தான் பயோடெக் ஆள் தேவை.

கோடிங் என்றால் பைத்தானில் லூப் எழுத, எக்செல் கோப்பைப் படித்து மெஷினுக்குக் கட்டளையாக மாற்றத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். சம்பளம் முதல் சில வருடங்கள் ஓஎம்ஆரில் ஐடிக்குப் போன நண்பர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அளவில்தான் எனக்கு இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கல்லூரி லேபில் நல்ல தராசு இருந்தால் இப்போதே ஒன்று செய்யுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைப் பத்து முறை எடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். பிறகு பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து அதையே செய்யுங்கள். கிளிசரால் தண்ணீரைவிடக் கனம், எடை ஏறத்தான் வேண்டும். இறங்கினால் டிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மிச்சம் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.