மருமகளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள்

கேள்வி: என் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி ஒன்றரை வருடம். மருமகள் குடியாத்தத்தில் எங்களோடு இருக்கிறாள். அவளுக்கு விசா கேட்டு மனு போட்டோம், மறுத்துவிட்டார்கள். 'உறவு உண்மையானது என்று திருப்தி ஏற்படவில்லை' என்கிறது கடிதம். கல்யாணத்துக்கு எண்ணூறு பேர் வந்தார்கள், ஆல்பத்தையே இணைத்தோம். மகன் தினமும் ராத்திரி என் போனுக்கு வீடியோ காலில் வருவான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். செலவுக்குப் பணமும் என் கணக்குக்கே அனுப்பிவிடுவான். ஏஜென்டை மாற்றலாமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: ஏஜென்டை அப்புறம் பார்ப்போம். 'என் போனுக்கு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள்.

மருமகளுக்குத் தனி போன் இல்லையா? ஹாலில் சீரியல் ஓடுகிறது, மாமியார் கையில் போன், எதிரே மாமனார். புருஷனிடம் அவள் என்னதான் பேசுவாள்? 'சாப்பிட்டீங்களா', 'சாப்பிட்டேன்'. அதோடு சரி.

விசா அதிகாரிக்கு உங்கள் வீட்டைத் தெரியாது. காகிதத்தைத்தான் தெரியும். ஆல்பம் ஒரு நாள் கதை. அதற்குப் பிறகு இந்த இருவரும் எப்படி வாழ்கிறார்கள் என்று தேடினால், அழைப்பெல்லாம் உங்கள் நம்பரில், பணமெல்லாம் உங்கள் பாஸ்புக்கில். உங்கள் மகனுக்குப் பாசமான அம்மா இருக்கிறார் என்பது நன்றாகவே நிரூபணமாகியிருக்கிறது. மனைவி இருப்பதற்குத்தான் சாட்சி இல்லை. பந்தியில் எண்ணூறு பேர் சாப்பிட்டதை வைத்து அங்கே யாரும் முடிவெடுப்பதில்லை.

மறுக்க வேறு காரணங்களும் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக மனு போட்டால், அங்கே இருக்கும் கணவருக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு என்று காட்ட வேண்டும். ஏ1 எனும் அடிப்படை நிலை ஆங்கிலத் தேர்வு, காசநோய் இல்லை என்ற சான்றிதழ், தமிழில் உள்ள ஆவணங்களுக்கு முறையான ஆங்கில மொழிபெயர்ப்பு, இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் சிக்கல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு இருக்கிற குழப்பத்தையும் சரிபாருங்கள். ஆனால் உங்களுக்கு வந்த கடிதம் இவை எதையும் சொல்லவில்லை. உறவைத்தான் சொல்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு என்று எங்கிருந்து வந்தாலும் இந்த மாதிரிக் கேள்வியை எனக்கு மாமியார்தான் எழுதுகிறார். அந்தப் பெண் எழுதுவதே இல்லை. பெற்றவர்களை மகன் தாங்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் தாலி கட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சேர வேண்டியது அவள் கைக்குப் போக வேண்டும். அம்மா வழியாகப் பெண்டாட்டியிடம் பேசுகிற உங்கள் பிள்ளையையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

மேல்முறையீட்டு உரிமை தந்திருக்கிறார்களா என்று கடிதத்தில் பாருங்கள். தந்திருந்தால், முடிவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 28 நாள்தான் கெடு. அங்கே உரிமம் உள்ள குடிவரவு வழக்கறிஞர் ஒருவரை மகன் உடனே பார்க்கட்டும். புது மனுதான் வழி என்றால், கட்டிய விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். அந்த நாட்டு மருத்துவச் சேவைக்காகக் கட்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் திரும்ப வரும்.

அதற்குள் அவள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். மகன் லீவில் வந்தால் இருவரும் ஏலகிரிக்காவது போய்வரட்டும், நீங்கள் கூடப் போகாமல். போனை நாளைக்கே வாங்கிவிடுங்கள். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால், என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள்.