இனிப்புச் சோளப் பொத்தியில் மணி கட்டவில்லையே, ஏன்?

கேள்வி: நிலாவெளியில் வீட்டு வேலியோரமாக, சித்திரையில் ஒரே நிரையாக இருபது இனிப்புச் சோளம் விதைத்தேன். செடி ஆளுயரம் வளர்ந்தும் பொத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணி. அவித்தால் மாப்போல இருக்கிறது. பக்கத்து வளவில் சாதாரண சோளம் நிற்கிறது. பசளை போதவில்லையா?

பதில்: பசளைக் குறை என்றால் செடி ஆளுயரம் வந்திருக்காது. நுனி மட்டும் வெறுமையாக இருந்தால் நீரையோ பசளையையோ சந்தேகிக்கலாம். பொத்தி முழுவதும் இடைவெளி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம்.

பொத்தியின் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழையும் உள்ளே ஒரு மணியோடு தொடுக்கப்பட்டது. மகரந்தம் படாத இழைக்கு மணி கிடையாது. உச்சியிலுள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவருவது காற்றுத்தான். ஒற்றை நிரையில் அது வேலிக்கு வெளியே போய்விடும். சித்திரையில் விதைத்தால் பூக்கும் காலம் கச்சான் காற்று வீசும் நாட்களுக்குள் விழும். அந்த வறண்ட வெப்பக் காற்று பட்டிழையைக் காயவைக்கும், மகரந்தமும் சீக்கிரம் செத்துப்போகும்.

ஆகவே அடுத்த முறை மாரி மழை ஓய்ந்ததும் தையில் விதையுங்கள். அதே இருபது செடியை நிரைக்கு ஐந்தாக நான்கு நிரைகளில், சதுரமாக வையுங்கள். நிரைக்கு நிரை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. குழிக்கு இரண்டு விதை, ஓர் அங்குல ஆழத்தில். முளைத்தபின் நல்லதை மட்டும் விடுங்கள்.

விதைத்து ஏறத்தாழ 50 நாளில் ஆண் பூ விரியும். பட்டிழை வெளிவந்ததும் காலை 8 முதல் 10 மணிக்குள், பனி காய்ந்தபின், ஆண் பூவைக் கடதாசியில் மெல்லத் தட்டி, விழும் மஞ்சள் தூளைப் பட்டிழையில் தூவுங்கள். மூன்று நான்கு நாள் தொடர்ந்து செய்வது அவசியம், ஏனென்றால் இழைகள் எல்லாம் ஒரே நாளில் வெளிவருவதில்லை. பூக்கும் இரண்டு வாரமும் மண் காயவே கூடாது. உங்கள் மணல் நிலத்துக்குக் காலையும் மாலையும் நீர் வேண்டும், அடியில் வைக்கோல் மூடாக்கு இருந்தால் நல்லது.

விதைக்கு முன் நன்றாக உக்கிய மாட்டெரு இடுங்கள். யூரியா செடிக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி போதும். மணலில் ஒரேயடியாக இட்டால் நீரோடு கீழே போய்விடும், எனவே மூன்றாம், ஐந்தாம் வாரங்களில் பாதி பாதியாக.

குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் கண்டால் அது சேனா படைப்புழு. காலையில் குருத்தைப் பிரித்துப் பார்த்துக் கையால் நசுக்குங்கள்.

மாப்போன்ற ருசிக்குப் பக்கத்து வளவுச் சோளத்தின் மகரந்தம் ஒரு காரணமாகலாம். இரண்டும் ஒரே நேரம் பூக்காதபடி மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். பிந்திப் பறிப்பது மற்றக் காரணம். பட்டிழை வந்து 18 முதல் 22 நாளில் அது கபில நிறமாகிக் காய்ந்திருக்கும், மடல் பச்சையாகவே இருக்கும். மணியை நகத்தால் கீறினால் பால் வரவேண்டும். தண்ணீராக வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பசைபோல வந்தால் காலம் கடந்துவிட்டது. பறித்ததும் சீனி மாப்பொருளாக மாறத் தொடங்கும், ஆகையால் காலையில் பறித்து அன்றே அவியுங்கள்.