பழைய ஜீப்பை ஷோரூம் நிலைக்குக் கொண்டுவர: கேள்வி பதில்

மகிந்திராவின் பழைய ஜீப்புகளைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, தாத்தா வைத்திருந்த சிஜே 3பி ஜீப் ஷெட்டில் கிடக்கிறது. பார்க்க நல்லாத்தான் இருக்கு. பெயின்ட் அடித்தால் போதுமா?

போதாது தம்பி. பெயின்ட் கடைசி வேலை. ஒரு காந்தத்தை எடுத்து பாடி முழுக்க ஓட்டிப் பாருங்க, எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுவது) கனமாக இருக்கிறது. அப்புறம் ஒயர் போகும் வழி, வாஷர் இருக்கும் இடம் வரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டுப் பாடியைச் சேஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) தூக்கிவிடுங்க. தூக்காமல் செய்கிற வேலை பாதி வேலைதான், ஏனென்றால் பாடி சேஸில் உட்காரும் இடங்கள், தரைக்கு அடியில் ஓடும் குறுக்குப் பட்டைகள், டிரைவர் சீட்டுக்கு அடியிலுள்ள பெட்டி, இங்கெல்லாம் துரு உள்ளேயிருந்துதான் தின்றுகொண்டு வரும். தின்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டு 18 கேஜ் தகடு வைத்து வெல்டிங் செய்யணும். பட்டி பூசி மூடினால் அடுத்த ஐப்பசி மழைக்கே கொப்புளம் கிளம்பும். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் குழிகளை டிங்கர் மழமழவென்று நிரப்ப வருவார், விடாதீங்க. வண்டி வெளியே வந்த நாளில் அந்தக் குழிகள் இருந்தன, இப்பவும் இருக்கணும்.

இன்னொன்று, 3பி-யில் போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து முறுக்கினால் தலை மழுங்கிப் போகும்.

வள்ளியூர்: என் 3பி இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது, ஹேண்டில் போட்டும் சுற்றவில்லை. கட்டி இழுத்துப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி டீசலும் ஏடிஎஃப்-பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய்) கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்க, பிறகு கையால் மட்டும் மெல்ல அசைத்துப் பாருங்க. இந்த 2.2 லிட்டர் ஹரிகேன் இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கிறது, எக்சாஸ்ட் வால்வு பிளாக்கில் இருக்கிறது (இன்ஜின் உயரமாகி பானட்டும் உயர்ந்ததற்குக் காரணமே இதுதான்). அதனால் ஹெட்டைக் கழற்றினால் மட்டும் போதாது, பக்கவாட்டு மூடியையும் திறந்து எக்சாஸ்ட் வால்வு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்க. ஓட ஆரம்பித்ததும் பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்க, இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் அதை இளக்கிவிடும்.

உவரி: கடல் காற்றுக்கு என்ன செய்ய?

சேஸின் உள்பக்கம்தான் முக்கியம். நல்ல தண்ணீரால் உள்ளே பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருத்தடுப்பு மெழுகு அடியுங்க. வடிகால் துளைகளை அடைத்துவிடக் கூடாது.

பாளையங்கோட்டை: ஒரிஜினல் கலரை எப்படிக் கண்டுபிடிப்பது?

டேஷ்போர்டில் இருக்கும் எழுத்துப் பொறித்த சின்னத் தகட்டைக் கழற்றுங்க, அதற்கு அடியில் யாரும் மறுபடி பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தைக் காட்டிக் கலர் கலக்கச் சொல்லுங்க. கண்ணாடி மாதிரி பளபளப்பு இந்த வண்டிக்கு எப்பவும் கிடையாது.

பணகுடி: பெயின்ட் எந்த மாசம் அடிக்கலாம்?

உங்க ஊரில் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது தார்ப்பாய் கட்டினாலும் தூசி உள்ளே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். தை முதல் பங்குனி வரை வைத்துக்கொள்ளுங்க. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கவே விடாதீங்க, அது ஈரத்தை உறிஞ்சி அடியில் துருவை வளர்க்கும். நம்ம பட்டறைகளில் இதைப் பழக்கமாகவே செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

களக்காடு: பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடையுங்க.

தென்காசி: என் 3பி-யில் யாரோ டீசல் இன்ஜின் வைத்திருக்கிறார்கள். பெட்ரோலுக்குத் திருப்பணுமா?

முதலில் ஆர்.சி.யில் என்ன எரிபொருள், என்ன இன்ஜின் எண் என்று பாருங்க. எதை மாற்றுவதானாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிட்டுத்தான் மாற்றணும். 50 வருஷம் தாண்டி, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவு கொண்டுவந்தார்கள். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், ஆனால் தினசரி ஓட்ட முடியாது. அந்தப் பதிவு வேண்டுமென்றால் ஹரிகேன் இன்ஜினைத் தேடித்தான் ஆகணும். தோட்டத்துக்குப் போய்வர மட்டும் என்றால், ஆர்.சி.யில் டீசல் ஏறியிருந்தால் அப்படியே விடுங்க. 1985-இல் வந்த எம்எம் 540-க்கு இந்தக் கேள்வியே இல்லை, அது பெஜோ டீசலோடுதான் பிறந்தது.