“நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?”

கேள்வி: தனிநபர் கடன் 2 லட்சம், 14% வட்டி, 24 மாதம். போன டிசம்பரில் வாங்கினேன். கைக்கு வந்தது 1,88,780. செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 4,720, கேட்காத இன்சூரன்ஸ் 6,500. புகார் செய்தால், “கேஎஃப்எஸ் (கடனின் முக்கிய விவரத் தாள்) படித்து ஓடிபி கொடுத்தீர்கள், இன்சூரன்ஸ் பணம் எங்களுக்கு வரவில்லை” என்கிறார்கள்.

பதில்: கடன் கொடுப்பவர்கள் எடுத்தவுடன் தூக்கிப் பிடிக்கும் கேடயம் ஓடிபி என்ற இந்தக் கையெழுத்துதான். எனக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் சில்லறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதியில், கையெழுத்து கடைசிப் படி. அதற்குமுன், உங்களுக்குப் புரியும் மொழியில் கேஎஃப்எஸ் தர வேண்டும், விளக்கிச் சொல்ல வேண்டும், யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் விட வேண்டும். ஆகவே கேஎஃப்எஸ் எப்போது வந்தது, ஓடிபி எப்போது போனது என்ற நேர விவரத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாலு நிமிடம்தான் என்றால், யார் எதை விளக்கினார்கள் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“இன்சூரன்ஸ் எங்களுடையதல்ல” என்பதும் எடுபடாது. மூன்றாம் தரப்புக்காக வசூலித்தாலும் அது ஏபிஆர் (கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி விகிதம்) கணக்கில் சேர வேண்டும், தனியாகவும் காட்ட வேண்டும், ரசீதும் தர வேண்டும். உங்கள் தவணை 9,603. கைக்கு வந்த தொகையை வைத்துப் போட்டால் ஏபிஆர் ஏறக்குறைய 20%. கேஎஃப்எஸ்ஸில் ஏபிஆர் 14% என்றே இருந்தால் அந்தத் தாள் ஒன்றே உங்களுக்குச் சாட்சி. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எப்போதுமே வசூலிக்கக் கூடாது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி).

கேள்வி: கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ. மாதாமாதம் ஜிஎஸ்டி கழிகிறது. கேஎஃப்எஸ் தரவில்லை என்று வழக்குப் போடலாமா?

பதில்: நிற்காது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு அந்த விதி கிடையாது. வட்டிக்குத்தான் தள்ளுபடி, வட்டி மீதான ஜிஎஸ்டி உங்கள் தலையில். என் வீட்டு ஃபிரிட்ஜும் இப்படி வந்ததுதான். அதில் ஐஸ்கூட ஒழுங்காக உறைவதில்லை.

கேள்வி: கடன் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்றும், மும்பை கோர்ட் மட்டுமே என்றும் இருக்கிறது. நான் இருப்பது தென்காசியில்.

பதில்: தென்காசிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. ஆர்பிட்ரேஷன் ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆனால் ஆர்பிட்ரேட்டர் நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். அவரைக் கம்பெனி தன்னிச்சையாக நியமித்திருந்தால், முதல் பதிலிலேயே ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: டெய்லரிங் கடைக்குக் கடன். “வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே அல்ல” என்கிறார்கள்.

பதில்: வயிற்றுப் பிழைப்புக்காக நீங்களே உழைக்கும் சுயதொழிலுக்கு விலக்கு உண்டு. அந்த வரி உங்கள் புகார் மனுவில் கட்டாயம் இருக்க வேண்டும். பலர் இதை எழுதாமல் விட்டுத்தான் தோற்கிறார்கள்.

கேள்வி: வெற்றுப் படிவத்தில் 2021இல் கையெழுத்துப் போட்டேன். நகல் இல்லை. இப்போது வழக்குப் போடலாமா?

பதில்: வெற்றுத் தாளில் கையெழுத்து, நாலு வருடத்துக்கு மேல் மௌனம். இதற்கு மேல் அவர்களுக்கு என்ன வாதம் வேண்டும்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் காலக்கெடு இரண்டு வருடம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட முடிந்தால் மட்டும், தாமத மன்னிப்பு மனுவோடு போங்கள்.

கேள்வி: வங்கிக்கு நுகர்வோர் ஆணைய நோட்டீஸ் கிடைத்து இரண்டு மாதம். பதில் மனுவே வரவில்லை, வாய்தா கேட்கிறார்கள்.

பதில்: 30 நாள், கூடுதலாக 15. அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டீஸும் புகார் நகலும் சேர்ந்த தேதிக்கான அஞ்சல் அத்தாட்சியை இணைத்து, பதில் மனு தாக்கல் செய்யும் உரிமையை முடித்துவைக்கும்படி அடுத்த வாய்தாவிலேயே மனுக் கொடுங்கள்.