மாடிப்படி லிஃப்டில் கைவைக்கும் முன்: மெக்கானிக்குகள் கேட்டவையும் என் பதில்களும்

நடக்க முடியாதவர்களும் வயதானவர்களும் பயன்படுத்தும் லிஃப்டுகளை 22 வருடங்களாக நீலகிரியில் பழுது பார்த்து வருகிறேன். படிக்கட்டின் ஓரத்தில் ரெயில் போட்டு நாற்காலி ஏறுமே அது, வாசலில் நாலைந்து அடி மட்டும் சக்கர நாற்காலியைத் தூக்கும் பிளாட்ஃபாரம், வீட்டுக்குள் இரண்டு மாடி போகும் சின்ன லிஃப்ட், இந்த மூன்றும்தான் என் வேலை. இந்த முறை மெக்கானிக்கின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

குன்னூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஒரு வீட்டில் மெயின் எம்சிபியை, அதாவது சப்ளையை நிறுத்தும் சுவிட்சை, இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. ஆனால் பேனலுக்குள் கை வைத்ததும் ஷாக் அடித்தது. எப்படி?

உயிரோடு கேட்கிறாயே, அதுவே பெரிய விஷயம் தம்பி. இரண்டு வழியில் இது நடந்திருக்கலாம்.

ஒன்று, இன்வெர்ட்டர். மழைக்காலத்தில் மரம் விழுந்து நம் ஊரில் கரண்ட் போவது சாதாரணம் என்பதால் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் இருக்கிறது. லிஃப்ட் நடுவழியில் நிற்கக் கூடாது என்று அதன் கண்ட்ரோல் லைனை யாராவது இன்வெர்ட்டரில் கொடுத்து வைத்திருப்பார்கள். மின்வாரியத்தின் சப்ளையை நீ நிறுத்தினால் இன்வெர்ட்டர் அதைக் கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கிவிடும். விடுதிகளில் தானாக ஓடும் ஜெனரேட்டர் இருந்தால் இன்னும் மோசம். நீ எம்சிபியை இறக்கிச் சில நொடிகளில் அது ஸ்டார்ட் ஆகி மறுபடி கரண்ட் கொடுத்துவிடும். அதனால் வீட்டுக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் போனால் இந்த லிஃப்ட் ஓடுமா?" என்பதாக இருக்கட்டும். ஓடும் என்றால் இரண்டாவது சப்ளை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதையும் நிறுத்து.

இரண்டு, டிரைவ், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. 230 வோல்ட் உள்ளே போகும் டிரைவில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி சேர்ந்திருக்கும். சப்ளையை நிறுத்திய பிறகும் அது உடனே வடியாது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த நேரம் முழுக்க இரு, அப்புறம் மீட்டரில் அளந்து பார்த்துத் தொடு.

டெஸ்டரை நம்புவதையும் இன்றோடு விட்டுவிடு. அதன் விளக்கு எரிய உன் உடம்பு வழியாக எர்த்துக்குப் போக வேண்டும். காய்ந்த பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் கரண்ட் இருக்கும்போதே எரியாமல் போகலாம். மல்டிமீட்டரை எடுத்து, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் வைத்துப் பார், பிறகு பேனலில் பார், திரும்பவும் அதே பிளக்கில் பார். மூன்றும் சரியாக இருந்தால்தான் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று அர்த்தம்.

லிஃப்டுக்கு வரும் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரில் பூட்டுப் போடு. சாவி உன் பாக்கெட்டில் இருக்கட்டும், ஹெல்பரிடம் வேண்டாம். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி.

உதகை, மூன்று வருட அனுபவம்: நாற்காலி லிஃப்ட் வெறும் 24 வோல்ட் பேட்டரியில்தானே ஓடுகிறது? அதற்கும் பூட்டு, சுவிட்ச் என்று பார்க்க வேண்டுமா?

வேண்டும். 24 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த இரண்டு பேட்டரியின் முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் வைத்தது போலப் பொறி பறக்கும். கையில் மோதிரமோ உலோக ஸ்ட்ராப் வாட்சோ இருந்தால் அது பழுத்துப் போய்ச் சதையோடு ஒட்டும். வேலைக்கு முன் கழற்றி டூல் பெட்டியில் போடுங்கள்.

சுவரில் இருக்கும் சார்ஜர் சுவிட்சை அணைத்தால் லிஃப்ட் அணைந்துவிடாது, பேட்டரி இருக்கும்வரை அது ஓடும். மாடியில் விளையாடும் பேரக்குழந்தை ரிமோட்டை எடுத்து அழுத்தினால் போதும். நாற்காலியின் மெயின் சுவிட்சை அணையுங்கள், பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றுங்கள், மேலேயும் கீழேயும் இருக்கும் ரிமோட்டுகளை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கையும் உண்டு: மஃப்ளர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நம் மலை ரயில் பல்சட்டத்தைப் பிடித்து ஏறுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாற்காலி லிஃப்டுகள் பலவும் அப்படித்தான், ரெயிலில் இருக்கும் பற்களைச் சின்னப் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும். ஒரு ஜனவரி காலையில் குளிர் தாங்காமல் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றியபடி ரெயிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நாற்காலியை ஓட்டச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். மஃப்ளரின் குஞ்சம் பல்லில் சிக்கியது. நாற்காலி லிஃப்ட் மெதுவாகத்தான் போகும், நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதே அதற்கான தரவிதி. அந்த மெதுவான வேகத்தில் என் கன்னம் ரெயிலை நோக்கிப் போனது இன்றும் நினைவிருக்கிறது. நாற்காலியில் இருந்த பாட்டி பட்டனிலிருந்து கையை எடுத்தார், அது நின்றது. பட்டனை அழுத்திப் பிடித்திருந்தால் மட்டும் ஓடும் அமைப்பு எதற்காக என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து கழுத்தை மூடும் ஸ்வெட்டர்தான் போடுகிறேன். சுழலும் பாகத்துக்குப் பக்கத்தில் கம்பளிக் கையுறையும் வேண்டாம்.

கோத்தகிரி, ஹெல்பராக இருப்பவர்: வாசல் பிளாட்ஃபாரத்துக்கு அடியில் கை விட வேண்டியிருக்கிறது. செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார் என் மேஸ்திரி. போதுமா?

போதாது தம்பி. நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

குன்னூரில் ஒரு பழைய பங்களாவை விடுதியாக மாற்றியிருந்தார்கள். வாசலில் ஹைட்ராலிக் பிளாட்ஃபாரம். எனக்கு அப்போது ஐந்தாறு வருட அனுபவம். பிளாட்ஃபாரத்தை மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் மும்மூன்று செங்கல் அடுக்கி, எண்ணெய் போகும் ஹோஸின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஹெல்பர் உள்ளே கையை விட்டு ஒரு போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கொடுங்கண்ணா" என்று அவன் கையை வெளியே நீட்டிய நேரம், வறுக்கி கடிபடுவது போல ஒரு சத்தம். அந்தப் பக்கத்துச் செங்கல் மூன்றும் பொடியாகிப் பிளாட்ஃபாரம் ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது. ஸ்பேனருக்காகக் கை நீட்டாமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்தக் கை இருந்திருக்காது. நட்டைத் தளர்த்தியது நான். முட்டுக் கொடுத்ததும் நான்தான்.

சுவிட்சை அணைத்தால் கரண்ட் நிற்கும், எடை நிற்காது. பிளாட்ஃபாரத்தை மேலே பிடித்திருப்பது எண்ணெயின் அழுத்தம். அந்த அழுத்தம் போகும் வழியை நாமே திறக்கிறோம். பெரிய லிஃப்டுகளில் அடியில் பிட் என்று ஆழமான பள்ளம் இருக்கும், லிஃப்டின் கூண்டு முழுக்க இறங்கினாலும் ஆள் சுருண்டு படுக்க இடம் கிடைக்கும். இந்தச் சின்னப் பிளாட்ஃபாரங்களுக்குப் பிட் சில அங்குலம்தான், பல இடங்களில் அதுவும் கிடையாது. இறங்கினால் ஒதுங்க இடமே இல்லை.

அதனால் கம்பெனி கொடுத்த இரும்பு முட்டுதான் வைக்க வேண்டும். அந்த மாடலுக்கு உரியது, வளையாதது, வெல்டிங் விடாதது. முட்டுக் கொடுத்ததோடு நிறுத்தாமல், கையால் இறக்கும் வால்வைத் திறந்து பிளாட்ஃபாரத்தின் முழு எடையும் முட்டின் மேல் வந்து உட்காரும்வரை இறக்குங்கள். அழுத்தமானியில் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அப்புறம் ஐசொலேட்டரில் பூட்டு. அதற்குப் பிறகுதான் கை உள்ளே போகலாம். கார் ஜாக்கி, சில்வர் ஓக் கட்டை, ஹாலோ பிளாக், எதுவும் வேண்டாம். முட்டு இல்லாமல் வேலைக்கு அனுப்பினால் "முட்டு வந்ததும் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். மேஸ்திரி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

ஸ்க்ரூவில் ஏறும் பிளாட்ஃபாரத்துக்கும் முட்டு வேண்டும். அதில் சுமையைத் தாங்கும் நட்டு தேய்ந்து விட்டுப்போனால் பிடிக்க, கூடவே இன்னொரு சேஃப்டி நட்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஒவ்வொரு சர்வீஸிலும் அளந்து எழுதி வையுங்கள். தேய்மானம் எவ்வளவு என்று அந்த அளவுதான் காட்டும்.

உதகை: டிசம்பரில் ஹைட்ராலிக் லிஃப்ட் காலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. ரிலீஃப் வால்வை இறுக்கினால் ஏறுகிறது. தவறா?

தவறுதான். அழுத்தம் அளவுக்கு மீறினால் திறந்து எண்ணெயைத் திருப்பிவிடுவதுதான் ரிலீஃப் வால்வின் வேலை. உறைபனி விழும் காலையில் எண்ணெய் கெட்டியாகிவிடும், அதனால் திணறுகிறது. ரிலீஃப் வால்வை இறுக்கினால் காலையில் ஏறும், ஆனால் மதியம் எண்ணெய் இளகிய பிறகு யாராவது அதிக எடை ஏற்றினால் தடுக்க ஒன்றும் இருக்காது. ஹோஸும் சீலும் அந்த அழுத்தத்தைச் சுமக்கும். குளிருக்கு எந்த எண்ணெய் என்று கம்பெனி கையேட்டில் இருக்கும், அதை மாற்றுங்கள். ரிலீஃப் வால்வைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து சீல் வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. எண்ணெய் எங்கே கசிகிறது என்று ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அவ்வளவாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் காட்டிக் கொடுக்கும். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் காலையில் பார்க்கலாம் என்று விடாமல் அப்போதே அறுவைச் சிகிச்சை வசதி இருக்கும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். "அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். எண்ணெய் டின்னையும் கொண்டுபோங்கள்.

கூடலூர்: மழைக்காலத்தில் கதவு லாக் கான்டாக்ட் அடிக்கடி விட்டுப்போகிறது. வயர் போட்டு ஜம்ப் செய்துவிட்டு, பாகம் வந்ததும் மாற்றலாமா?

கூடாது. கதவு மூடிப் பூட்டியிருந்தால் மட்டும் லிஃப்டை ஓட விடும் சுவிட்ச் அது, வயர் போட்டு ஜம்ப் செய்தால் அதைத் தாண்டிக் கரண்ட் போய்விடும். பழுது கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஜம்ப் போடுவது வேறு, போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது வேறு. கதவு திறந்தபடியே ஓடும் லிஃப்டில் சக்கர நாற்காலியை ரிவர்ஸில் கொண்டுவருபவர் பின்னால் தரை இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். நான் வைத்திருப்பது இரண்டே ஜம்பர், ஒரு முழம் நீளத்தில் சிவப்பு வயர், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய தகடு. பேனல் கதவை மூட விடாமல் அந்தத் தகடு தொங்கும். கிளம்பும்போது பெட்டியில் இரண்டும் இருக்கிறதா என்று எண்ணுவேன். "நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகணுங்க, எப்படியாவது ஓட விட்டுருங்க" என்று கெஞ்சுவார்கள், மனசு கேட்காது. அப்போதும் லிஃப்டை ஓட விடாதீர்கள். வேண்டுமானால் நாலு பேரைச் சேர்த்து நாற்காலியோடு தூக்கி இறக்கிவிட்டு வாருங்கள், நான் பல முறை செய்திருக்கிறேன்.

வெலிங்டனிலிருந்து ஒரு அம்மா: நான் மெக்கானிக் இல்லை. என் மாமியார் மாடியில் இருக்கிறார். சர்வீஸுக்கு வருபவர் மூன்று மணி நேரம் லிஃப்டை நிறுத்திவிடுகிறார். நாங்கள் என்ன எதிர்பார்க்கலாம்?

நல்ல கேள்வி அம்மா. பூட்டுப் போடுவதற்கு முன்பே அவர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்: பாட்டி மேலே இருப்பாரா, கீழே வருவாரா, கழிவறை எந்த மாடியில், மருந்து நேரம் எப்போது என்று. எங்களுக்கு அது ஒரு மெஷின், அவருக்கு அதுதான் கால். கீழே இறங்க விரும்பினால் இறக்கிவிட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். கதவு திறந்திருக்கும் மாடியில் தடுப்பு வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். டீ குடிக்கப் போகும்போதுகூடத் திறந்த கதவை அப்படியே விட்டுப் போகக் கூடாது.

கோத்தகிரி: இரவு அழைப்புக்குத் தனியாகப் போகலாமா?

ஆள் மாட்டிக்கொண்டார் என்றால் போகத்தான் வேண்டும், ஆனால் இரண்டு பேராக. எஸ்டேட் பக்கம் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது. எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டிய பிறகு காட்டெருமையும் கரடியும் சாலையில் நிற்கும், பைக்கில் அவசரப்படாதீர்கள். உள்ளே இருப்பவரிடம் முதலில் பேச்சுக் கொடுங்கள், அவர் பதறாமல் இருந்தால் நீங்களும் பதற மாட்டீர்கள்.

உதகை: லைசென்ஸ் எல்லாம் வீட்டு லிஃப்டுக்கும் பார்க்கிறார்களா?

தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென்று 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, மின் ஆய்வுத் துறை அதைக் கவனிக்கிறது. நீங்கள் கைவைக்கும் வகைக்கு என்ன தேவை என்று அவர்கள் அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள்.

குன்னூர்: வேலை முடிந்ததும் லோடு டெஸ்டுக்கு வீட்டில் இருப்பவர்களையே ஏற்றிப் பார்க்கிறோம். சரியா?

வேண்டாம். மணல் மூட்டையை எடை போட்டு ஏற்றுங்கள். காலியாக இரண்டு முறை, மூட்டையோடு இரண்டு முறை ஓட்டி, மேலும் கீழும் லிமிட் சுவிட்ச் சரியாக நிறுத்துகிறதா, பிளாட்ஃபாரத்துக்கு அடியில் ஏதாவது தட்டினால் நிற்கிறதா, எமர்ஜென்சி பட்டன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீங்கள் ஏறிப் போய் வாருங்கள். பாட்டி அதற்குப் பிறகு ஏறட்டும், முதல் முறை அவர் கூடவே படியில் நடந்து போங்கள்.