கறுப்பு பஸ்டலும் நசுங்கிய யானையும்: வளர்ப்போர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, பிள்ளை கீறிய படத்தை எப்படி வாசிப்பது என்பதுதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள். 7 வயதுப் பேத்தி என்னோடு இருக்கிறாள். எதைக் கீறினாலும் கறுப்புத்தான். பயமாக இருக்கிறது. (விசுவமடு)

முதலில் பஸ்டல் பெட்டியைத் திறந்து பாருங்கள் அம்மா. மற்ற நிறங்கள் முறிந்து, கறுப்பு மட்டும் முழுதாகக் கிடக்கலாம். நானும் ஒரு பெடியனின் கறுப்பு வீட்டைப் பார்த்து ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறேன். அவனுக்குக் கறுப்புப் பிடிக்கும், அவ்வளவுதான்.

நிறத்தை வைத்துச் சாத்திரம் சொல்ல முடியாது. "ஏன் அம்மாவைக் கீறவில்லை?" என்று கேட்டால் அது சோதனை மண்டபமாகிவிடும். கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்: "இந்தப் பக்கம் நல்லா அழுத்திக் கீறியிருக்கிறாய்." விருப்பம் இருந்தால் அவளே மிச்சத்தைச் சொல்லுவாள். இல்லையா, பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு கோழியைக் கீறுங்கள். கோணலாக வந்தால் இன்னும் நல்லது. நாளும் ஒரே நேரத்தில் 15 நிமிடம் போதும். அம்மாவின் போன் எப்போது வரும் என்று தெரியாத பிள்ளைக்கு, பின்னேரமானால் பாயில் கொப்பி விரியும் என்று தெரிந்திருப்பது பெரிய விஷயம். படத்தை மகளுக்கு அனுப்ப முன் பேத்தியிடம் கேளுங்கள்.

நித்திரை குழம்புவது, சாப்பாடு குறைவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது போன்றவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். யாரும் தொட்டதாகவோ அடித்ததாகவோ சொன்னால் துருவிக் கேட்க வேண்டாம். அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி வைத்துவிட்டு, 1929க்கு அழையுங்கள். அது இலங்கைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம்.

அக்காவின் மகனுக்கு 10 வயது. சிறுவர் இல்லத்தில் இருந்தவன், இப்போது எங்களுடன் இருக்கிறான். களிமண்ணில் அழகான யானை செய்வான். "நல்லாயிருக்கு" என்றதும் குத்தி நசுக்குகிறான். (மாங்குளம்)

நசுக்கட்டும். பல இடம் மாறிய பிள்ளைக்குப் பாராட்டே பயம் தரலாம். நல்லது வந்தால் அடுத்து அது பறிபோகும் என்று பழகியிருப்பான். பாராட்டைக் குறையுங்கள். "காது பெரிசாக வைத்திருக்கிறாய்" போதும். பிறகு, "நாளைக்கும் இருக்கட்டுமா, உருட்டி வைப்போமா?" என்று கேளுங்கள். முடிவு அவனுடையது. களிமண்ணின் அருமையே நசுக்கினாலும் வீணாகாததுதான். ஈரச் சாக்கில் சுற்றி மூடி வைத்தால் நாளைக்கும் அதே மண். ஒரு நாள் யானையைத் தட்டில் விட்டுவிட்டுப் போவான். அதைக் கொண்டாட வேண்டாம்.

மண் எடுக்க வயற்பக்கம் போங்கள், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைப் பக்கம் வேண்டாம். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் பெடியன் ஊருக்குப் புதிது. ஓலைப் பின்னலும் அவனுக்குப் பிடிக்கலாம்: பிழை வந்தால் அவிழ்த்துத் திரும்பப் பின்னலாம். ஓலை வாரும் கத்தியான சத்தகம் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

தத்தெடுத்த மகளுக்கு 8 வயது. இன்னும் சொல்லவில்லை. வாழ்க்கைக் கதைக் கொப்பி செய்யலாம் என்கிறார்கள். கைக்குழந்தைப் படம் ஒன்றும் இல்லை. (புதுக்குடியிருப்பு)

இனியும் தள்ளாதீர்கள். ஊர் சொல்ல முன் நீங்கள் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவளோடு சேர்ந்தே கொப்பியைச் செய்யுங்கள்.

படம் இல்லாதது பெரிய குறையில்லை. 2009 போரில் அல்பத்தை விட்டுவிட்டு ஓடிய வீடுகள் இங்கே எத்தனை! உங்கள் கல்யாணப் படமும் போயிருந்தால் அதையும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அவள் பிறந்த நாள், பிறந்த ஊர், வீட்டுக்கு வந்த அன்று உடுத்திருந்த சட்டை, அன்று நீங்கள் சமைத்தது, யார் முதலில் தூக்கியது என்று எழுதிக்கொண்டே போகலாம். தெரியாததற்கும் பக்கம் விடுங்கள்: "பெற்ற அம்மாவின் முகம் எங்களுக்குத் தெரியாது." அந்த இடத்தில் அழகான பொய் எதையும் ஒட்ட வேண்டாம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு அலுவலகத்தில் கேட்டால் ஏதும் விவரம் கிடைக்கலாம். தத்தெடுத்ததற்கான நீதிமன்றக் கட்டளையை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.

வகுப்பில் அன்னையர் தின அட்டை, குடும்ப மரம் இரண்டும் செய்ய வேண்டும். அம்மா இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். (துணுக்காய், ஆசிரியை)

அட்டையை எல்லோருக்கும் "என்னைப் பார்த்துக்கொள்பவருக்கு" என்று மாற்றிவிடுங்கள் ரீச்சர். மரத்துக்குப் பதில் "எங்கள் முற்றம்" கீறச் சொல்லுங்கள்: யார் வருவார்கள், யார் இருப்பார்கள், நாய் எங்கே படுக்கும். பெரும்பாலும் நாய்தான் பெரிதாக வரும்.

கைவேலைப் பெட்டி கடையில் விலை கூட. வாங்கத்தான் வேண்டுமா? (செட்டிகுளம்)

வேண்டாம். பால்மாப் பேணி, சிரட்டை, பழைய சாரத்துணி, கோதுமை மாப்பசை. அந்தக் காசுக்கு நல்ல பஸ்டல் பெட்டி ஒன்று வாங்குங்கள், கறுப்பு இரண்டாக.